பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்

சித்தையன்கோட்டை
9.1.2025

செல்வி தமிழ்மதிக்கு நல்லுசாமி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அங்கு உன் நலம் எப்படி என்று கேட்பது கடிதம் எழுதும் முறை என்பதால் கேட்கிறேன். இதை வைத்து வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். விலாசத்தை உன் அம்மாவிடம் கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லாமல், பின்கோடு வரைக்கும் ஒப்பித்தாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். 2022-ல் திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில் நம் ஆட்கள் வரன் அறிமுக விழா நடத்தினார்கள். வாசலில் ஒரு திருமணத் தகவல் கம்பெனிக்காரன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். உன் ஜாதகம், படிப்பு, என் செல் நம்பர் எல்லாம் எழுதிக் கொடுத்துப் பதிவுக் கட்டணமும் கட்டினேன். அன்று பிடித்த சனியன் இன்னும் விடவில்லை. காலையில் மடை திறக்கப் போனால் கூப்பிடுகிறான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினால் கூப்பிடுகிறான். சோற்றில் கை வைத்தால் கூப்பிடுகிறான். 'சார், தமிழ்மதிக்கு வரன் அமைஞ்சிருச்சா?' ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஆறு நம்பரிலிருந்து. இந்த மாதிரி அழைப்புகள் வேண்டாம் என்று போன் கம்பெனியில் பதிவு செய்து பார்த்துவிட்டேன். ஒரு நம்பரை அடைத்தால் அடுத்த நம்பரில் வருகிறான்.

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்தில், வக்கீல் வைக்காமல், நானே மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிவு பெண்ணின் பெயரில் இருப்பதால் பெண்ணிடமும் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள் என்று அங்கே எழுத்தர் சொன்னார். ஆகவே கீழ்க்கண்ட வாசகத்தை உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பவும்.

'எனக்குத் திருமணத்தில் நாட்டம் இல்லை. ஆதலால் என் பெயரைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடக் கூடாது. முதல் வாய்தா பிப்ரவரி 27.

இப்படிக்கு,
அ. நல்லுசாமி


நாகர்கோவில்
18.1.2025

அப்பாவுக்குத் தமிழ்மதியின் வணக்கம்.

நான் நலம். அவரும் நலம். அவருடைய அப்பா, எங்களோடுதான் இருக்கிறார், அவரும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையைப் பாதி உடைத்துப் போடுகிறாளா, முழுசாகப் போடுகிறாளா? முழுசாகப் போட வேண்டும்.

உறையின் மேல் 'செல்வி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். தபால்காரர் கீழ்வீட்டில் நின்று, இந்தக் காம்பவுண்டில் கல்யாணம் ஆகாத பெண் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே ஏறி வந்தார். ஒரு வருடம் பத்து மாதம் கழித்து அப்பாவின் கையெழுத்தில் ஒரு கடிதம். வாசலிலேயே நின்று பிரித்தேன். பிரித்துப் பார்த்தால் படிவம்!

நீங்கள் கொடுத்த வாசகத்தை நான் எழுத மாட்டேன். எனக்குத் திருமணத்தில் நாட்டம் இருந்ததால்தானே இத்தனை வம்பும். மனுவில் பொய் எழுதக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். வாய்க்காலுக்காக நீங்கள் எழுதிய மனுக்களை எல்லாம் நான்தானே படியெடுத்துக் கொடுத்தேன். இத்துடன் தனித்தாளில் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். 'எனக்கு 2023 மார்ச் மாதம் திருமணம் ஆகிவிட்டது. என் பெயரை நீக்கவும்.' அவ்வளவுதான். உங்கள் வாசகத்தைவிடச் சின்னது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. 'என் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது' என்று போனில் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார்களே. அதற்கு எதற்கு ஆணையமும் வாய்தாவும்?

அவர் உங்கள் இருவருக்கும் வணக்கம் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
தமிழ்மதி


சித்தையன்கோட்டை
2.2.2025

தமிழ்மதிக்கு,

நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை முழுசாகப் போடுகிறாள்.

சொல்லியிருக்கலாமே என்று சுலபமாக எழுதிவிட்டாய். எங்கே வைத்துச் சொல்வது? திண்டுக்கல் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்துச் சீட்டில் நம் பங்காளி முத்துச்சாமி. அவன் காதைப் பற்றி உனக்கே தெரியும், அடுத்த தெருவில் பால் பொங்கினால் இங்கே கேட்கும். அப்போது போன் வரும். செம்பட்டியில் ஒரு துக்க வீட்டில், மாலை போட்டுவிட்டு நிமிர்கிறேன், போன் வருகிறது. 'பொண்ணுக்கு வரன் அமைஞ்சிருச்சா சார்?' பிணத்தைத் தவிர எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள்.

ஊரில் உன்னைக் கேட்பவர்களுக்கு, வெளியூரில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய் இல்லை. எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்காத வரைக்கும் அவர்களும் திறக்க மாட்டார்கள். அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எதற்குக் கெடுக்க வேண்டும்?

உன் கடிதத்தை மனுவோடு வைக்கவில்லை. அவர்களுக்கு அவ்வளவு விவரம் தேவையில்லை. விலாசம் இல்லாமல் முடியாது என்று எழுத்தர் நின்றதால் அதை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 'மருமகப்பிள்ளை எப்பிடி இருக்காகன்னு கேட்டு எழுதுங்க' என்கிறாள். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
அ. நல்லுசாமி


அஞ்சலட்டை
28.2.2025

தமிழ்மதிக்கு. நலம். அவசரம். நேற்று வாய்தா. கம்பெனி வக்கீல் மதுரையிலிருந்து வந்தான். வரன் பார்க்கச் சொன்னதே மனுதாரர்தான், கூப்பிட்டபோதெல்லாம் தொடர்ந்து பார்க்கச் சொன்னார், பேச்சு முழுக்கப் பதிவில் இருக்கிறது என்றான். பேசியதை அப்படியே எழுத்தில் கொடுக்கும்படி உத்தரவு. பதிவு உன் பெயரில் இருப்பதால் உனக்கும் ஒரு பிரதி அனுப்புவார்களாம். ரிஜிஸ்டர் தபால் வரும். வாங்காதே. வாங்கினாலும் பிரிக்காதே. பிரித்தாலும் படிக்காதே. வக்கீல்கள் எதையும் எழுதுவார்கள். அ. நல்லு.


நாகர்கோவில்
14.3.2025

அப்பாவுக்கு,

அஞ்சலட்டை வந்த மறுநாளே ரிஜிஸ்டர் தபால் வந்தது. வாங்கினேன். பிரித்தேன். படித்தேன். மூன்று தடவை படித்தேன்.

பொறுக்கியெடுத்த நாற்பத்தொரு அழைப்புகளை டைப் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். முக்கால்வாசியில் இரண்டே வரி. 'தமிழ்மதிக்கு வரன் அமைஞ்சிருச்சுங்களா சார்?' என்று அந்தப் பெண் கேட்கிறாள். அவள் பெயர் அனிஷா. 'பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்' என்று நீங்கள் சொல்கிறீர்கள். சரி, பஸ்ஸில் இருந்திருப்பீர்கள், துக்க வீட்டில் இருந்திருப்பீர்கள். சிரித்துக்கொண்டேதான் பக்கத்தைப் புரட்டினேன்.

2023 ஆகஸ்ட் 19. பகல் ஒன்றேகால் மணி. பதினான்கு நிமிடம். பின்னணியில் மோட்டார் சத்தம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் தோப்பில் கிணற்றடியில் இருந்திருக்கிறீர்கள், தனியாக. உங்களுக்கும் ஒரு பிரதி வந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

'அனிஷா: பொண்ணு எப்படி சார், அமைதியான டைப்பா?

மனுதாரர்: அமைதியா? அவளா? (சிரிப்பு) அவ என்னைய மாதிரிம்மா. மனசுல பட்டத மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புடுவா. பத்தாப்புப் படிக்கையில, தேள் கொட்டுன அவ அம்மாவ சைக்கிள்ல வச்சு, ஆத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் ஒத்தையில மிதிச்சுக்கிட்டுப் போனவ. நான் வந்து சேர்றதுக்குள்ள ஊசி போட்டுப் படுக்க வச்சிருந்தா. அம்புட்டுத் தைரியம்.

அனிஷா: சமையல் எல்லாம் தெரியுமா சார்?

மனுதாரர்: அது சுமார்தான். ஆனா ஒண்ணும் கேக்க மாட்டா. கத்திரிக்கா வெஞ்சனம் இருந்தாப் போதும், சட்டியில மிச்சம் வைக்க மாட்டா. அங்க என்னத்தத் திங்கிறாளோ.

அனிஷா: எங்க சார்?

மனுதாரர்: (பதில் இல்லை)

அனிஷா: சார், லைன்ல இருக்கீங்களா?

மனுதாரர்: பாத்துக்கிட்டுத்தான்மா இருக்கோம். நீ நாளைக்குக் கூப்பிடு.'

நாளைக்குக் கூப்பிடு என்று சொன்னது நீங்கள், அப்பா. அதற்கப்புறம் ஐந்து மாதத்தில் ஒன்பது தடவை இப்படிப் பேசியிருக்கிறீர்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்தது, கல்லூரியில் பரிசு வாங்கியது, கோபம் வந்தால் வாசல் தெளிக்கிற வாளியை எத்துவது, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வீட்டில் என் பேரை எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவர் நீங்கள். உங்களுக்குப் பயந்து அம்மா மாட்டுக் கொட்டத்தில் நின்றுகொண்டு என்னோடு பேசுகிறாள். முகம் தெரியாத ஒரு கம்பெனிப் பெண்ணுக்குப் பதினான்கு நிமிடம் கொடுத்தீர்கள். எனக்கு ஒரு நிமிடம் கொடுத்திருக்கலாம். நான் என்ன தின்கிறேன் என்று என்னையே கேட்டிருக்கலாம்.

அவ்வளவு பிரியமாகப் பேசிவிட்டு, அப்புறம் எதற்கு வழக்குப் போட்டீர்கள்?

தமிழ்மதி


நாகர்கோவில்
11.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு மாதம் ஆகப்போகிறது. பதில் இல்லை. அம்மாவிடம் போனில் கேட்டால், 'தோப்புக்குப் போறாரு, வாராரு. செத்த நேரம் ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கிறாரு. பேப்பரும் பேனாவும் எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தா, திரும்ப எந்திரிச்சுப் போயிர்றாரு' என்கிறாள். கோபத்தில் எழுதினேன்தான். எழுதியது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். லேபில் மற்றவர்கள் இரத்தத்தை டெஸ்ட் பண்ணும்போதெல்லாம் உங்கள் ஞாபகமாகவே இருக்கிறது. சர்க்கரை பார்த்தீர்களா?

தமிழ்மதி


சித்தையன்கோட்டை
20.4.2025

அன்புள்ள தமிழ்மதிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை பார்க்கவில்லை. மனசுதான் நிலையாக இல்லை. இந்தக் கடிதத்தை ஏழு தடவை ஆரம்பித்துக் கிழித்திருக்கிறேன்.

உன் பேரை எடுக்கக் கூடாது என்று நான் போட்ட உத்தரவு எனக்கும் சேர்த்துத்தான் என்பது போடும்போது உறைக்கவில்லை. உன் அம்மாவாவது கொட்டத்துக்குப் போனாள். நான் எங்கே போவது? ஊரில் ஒருத்தன் உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. நானே வாயடைத்து வைத்திருக்கிறேன், எப்படிக் கேட்பான்? தினமும் தமிழ்மதி, தமிழ்மதி என்று கேட்டது அந்தப் பெண் ஒருத்திதான். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு மத்தியானம் ஆனால் மோட்டாரைப் போட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

போன வருடம் தை மாதத்தோடு அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டது. அடுத்து வந்த ஆட்களுக்கு உன் பேரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. ஒருவன் தமிழரசி என்கிறான், ஒருவன் தமிழ்ச்செல்வி என்கிறான். ஐப்பசியில் ஒரு பயல் கூப்பிட்டான். 'சார், பொண்ணுக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது. இனிமே நல்ல எடம் கெடைக்கிறது கஷ்டம். ரெண்டாந்தாரம் லிஸ்ட்ல மாத்திரலாமா?' என்றான்.

'ஏலே, யாருக்குடா ரெண்டாந்தாரம்? எம்மக யாருன்னு நெனச்ச?' என்று கத்தியதில் தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள் இறங்கி ஓடி வந்தார்கள். போனை வரப்பில் அடித்தேன், கண்ணாடி தெறித்துவிட்டது. கண்டவனும் உன்னை மட்டமாகப் பேசுவதற்கு நானே இடம் கொடுத்து வைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாளே திண்டுக்கல் போய் மனுவைக் கொடுத்தேன்.

மே 8 அடுத்த வாய்தா. ஆணையத் தலைவர் அம்மா என்னையே நிற்க வைத்து ஒரு கேள்வி கேட்பார்களாம், எழுத்தர் சொன்னார். என்ன கேள்வி என்று உனக்குத் தெரியும். முத்துச்சாமி வேறு துணைக்கு வாரேன் என்று நிற்கிறான், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அவன் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஆத்தூர் வரைக்கும் போய்விடும். மனுவை வாபஸ் வாங்கிவிடலாமா என்று இருக்கிறேன். இல்லையென்றால் நீ ஒரு நாள் லீவு போட்டு வந்து நில். உன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

உன் அப்பா,
நல்லுசாமி


நாகர்கோவில்
28.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். இங்கே கத்திரிக்காய் கிடைக்கிறது. நம் ஊர் ருசி இல்லை. ஆனாலும் வாரம் மூன்று நாள் வைக்கிறேன், அவரும் மாமாவும் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிடுகிறார்கள். நீங்கள் அனிஷாவிடம் கேட்டதற்கு இது பதில்.

மே 8 நான் வரமாட்டேன். லீவு கிடைக்கும், இருந்தாலும் வரமாட்டேன். நான் வந்தால் என்னைக் கைகாட்டிவிட்டு நீங்கள் சுவரோரமாகப் போய் நின்றுகொள்வீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். கல்யாணம் ஆனது என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். பேங்கில் சொல்லியிருக்கிறேன், ரேஷன் அட்டைக்குச் சொல்லியிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறேன். என் அப்பா வாயால் ஒருத்தரிடமாவது சொல்லியிருக்கிறாரா?

வாபஸ் வாங்குவது உங்கள் இஷ்டம். வாங்கினால் அவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள், நீங்கள் மறுபடியும் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள். நான் இங்கே ஒருத்தி இருக்கிறேன், அப்பா. எனக்கு வரன் பார்க்க வேண்டாம். என்னைப் பாருங்கள்.

தமிழ்மதி


சித்தையன்கோட்டை
9.5.2025

அன்புள்ள மகள் தமிழ்மதிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நானும் அம்மாவும் நலம். நேற்று வாய்தாவுக்குப் போனேன். விடிந்ததும் வாபஸ் கடிதம் ஒன்றை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஆணையத்து வாசல் மரத்தடியில் அதை மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன், மூன்று தடவையும் மடித்து உள்ளே வைத்தேன். முத்துச்சாமி, 'என்னப்பா அது, எடுக்குற வைக்கிற?' என்றான். சலவைக் கணக்கு என்றேன். நம்பவில்லை.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் எழுந்து, நான் பேசியதை எல்லாம் ராகம் போட்டு வாசித்தான். தலைவர் அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். 'பெரியவரே, அவங்க சொல்றத விடுங்க. உங்க மகளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா, இல்லையா?'

வாயில் பழைய பாட்டுத்தான் முதலில் வந்தது. 'பாத்துக்கிட்டு' என்று ஆரம்பித்தே விட்டேன். வக்கீல் சிரித்தான். பெஞ்சு முழுக்க ஆள். முத்துச்சாமி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். சட்டைப்பையில் இருந்த வாபஸ் கடிதத்தைக் கையால் அமுக்கிக்கொண்டேன்.

'ஆயிருச்சுங்கம்மா' என்றேன். 'ரெண்டு வருசம் ஆச்சு. மாப்பிள்ளை பேரு பெலிக்ஸ். நாகர்கோவில். எங்களுக்கும் சொல்லி விட்டாக. நான் போகல. அவ அம்மாவையும் போக விடல.'

கடைசியில் சொன்னது கேட்காத கேள்விக்குப் பதில். அதையும் சேர்த்து டைப் அடித்துவிட்டார்கள். அடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். திரும்பி முத்துச்சாமியைப் பார்த்தேன். என்ன சொல்வானோ என்று இரண்டு வருடமாகப் பயந்தேன். 'இதச் சொல்லவா இம்புட்டு நாளு?' என்று கேட்டான், அவ்வளவுதான். நான்தான் பைத்தியக்காரன் போல ஊருக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

உன் பெயரை அன்றே எடுத்துவிடுவதாக வக்கீல் ஒப்புக்கொண்டான். இனி கூப்பிட்டால் ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அபராதம் எவ்வளவு என்பது ஜூன் 12-ல் தெரியும்.

அதற்குப் பிறகுதான் மாட்டிக்கொண்டேன். வாக்குமூலத்தை முடிக்கும்போது டைப் அடிக்கிற பெண், பொன்னழகு என்று பேர், தலையை நிமிர்த்தாமலே கேட்டது. 'மருமகனோட தகப்பனார் பேரு சொல்லுங்க ஐயா.'

எனக்குத் தெரியவில்லை, தமிழ்மதி.

பெயர், தகப்பனார் பெயர், ஊர் என்று எழுதிப் பழகிய கை இது. வாய்க்காலுக்கு எழுதிய மனுவில் முன்னூறு பேருக்குத் தகப்பனார் பெயர் போட்டிருக்கிறேன், ஒன்று விடவில்லை. என் மகள் தினமும் சோறு போடுகிற மனுஷனுடைய பெயர் எனக்குத் தெரியவில்லை. வக்கீல் வாசித்ததற்கெல்லாம் நிமிர்ந்து நின்றவன் அந்தப் பிள்ளை கேட்டதற்குத் தலையைக் குனிந்தேன். 'பரவால்ல ஐயா, அந்த எடத்த விட்டு வைக்கிறேன். அடுத்த வாய்தாவுக்கு வரும்போது சொல்லுங்க' என்றது.

அந்தப் பெயரை எழுதி அனுப்பிவிடாதே. அம்மாவிடம் போனிலும் சொல்லிவிடாதே. சம்பந்தியின் பெயரைத் தபாலில் தெரிந்துகொள்வது முறை இல்லை. 18-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் தட்டோடு வருகிறோம். அன்றைக்கு அவர் எங்கும் போய்விடாமல் வீட்டில் இருக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லி வை. நானே அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
நல்லுசாமி